கடைசித் தொட்டியின் பத்தொன்பது மீன்கள்

எண்ணிப் பார்க்கிறவனை யாருக்கும் பிடிப்பதில்லை. கல்யாணப் பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்று நான் வாய் திறந்தால் பெண் வீட்டார் முறைக்கிறார்கள். மாத்திரை அட்டையில் ஒன்று குறைகிறது என்றால் மருந்துக் கடைக்காரர் என்னை ஏதோ கடனுக்கு வந்தவனைப் போலப் பார்க்கிறார். ஆனால் இதே ஆட்களின் வீட்டில் ஒரு ஆடு காணாமல் போனால், நேற்று மாலை மந்தையில் எத்தனை ஆடு திரும்பியது என்று கேட்க என் வாசலுக்குத்தான் வருகிறார்கள். எழுபது வயதைத் தாண்டியும் இந்த அநியாயத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

எண்ணுவது என் பிழைப்பாக இருந்தது. பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சந்தை நாளில் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஏறித் தலை எண்ணியவன் உலகத்தில் எதையும் எண்ணிவிடுவான். படியில் தொங்குகிறவர்கள், மடியில் உறங்கும் பிள்ளைகள், சாக்கு மூட்டைக்குப் பின்னால் ஒளிகிறவர்கள், கூடைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கோழி (கோழிக்கும் டிக்கெட் போடு என்று ஒரு கண்டக்டரோடு நான் போட்ட சண்டையில் பஸ் பாதி மலையில் நின்றது). கொண்டை ஊசி வளைவில் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்து, அடுத்த வளைவில் மறுபக்கம் சாயும்போதுகூட என் எண்ணிக்கை பிசகியதில்லை. பி.எஸ்ஸி. வேறு படித்திருக்கிறேன். இந்தக் கதையில் வரும் ஒருவரும் அதை மதிக்கவில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூச்சிரைப்புக்கு மலைக்காற்று நல்லது என்று மருத்துவர் சொன்னதால், ஓய்வுக்குப் பிறகு ஜமுனாமரத்தூரிலேயே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டோம். நல்ல காற்றுக்காக மலையேறி வந்தவனின் வீட்டுக்கு இரண்டு கொல்லை கீழே, ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். மலையில் வேறு சரிவே இல்லையா? இருக்கிறது. நான் எண்ணியிருக்கிறேன்.

அந்த நிலையம் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பஸ் நிலையக் கழிப்பறை, மாணவர் விடுதிகள், அலுவலகங்கள், சாப்பாட்டுக் கடைகள் என்று எல்லா இடத்துக் கழிவுநீரும் குழாயில் இறங்கி வந்து முதலில் ஒரு இரும்புச் சல்லடையில் விழும். துணி, பிளாஸ்டிக், ஒற்றைச் செருப்பு எல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும். (எப்போதும் ஒற்றைச் செருப்புதான். இன்னொன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன மகராசன் யார்?) அடுத்து ஒரு பெரிய தொட்டி. அதற்குள் அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் காற்றில் பெருகும் கிருமிகள் அழுக்கைத் தின்னும். தின்று கொழுத்தவை அதற்கடுத்த தொட்டியில் சேறாக அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிந்த நீரில் குளோரின் கலந்து, கடைசியாக ஒரு குளம் போன்ற தொட்டியில் கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகு ஓடையில் விடுவார்கள். ஓடை என் வீட்டு முருங்கைக்குப் பின்னால் வளைந்து, கீழே சாமைக் கொல்லைகளுக்கும் அவரைத் தோட்டங்களுக்கும் போகும்.

அதனால்தான் எனக்குக் கவலை. நான் ஒன்றும் வேலையற்றுப் போய்க் கவலைப்படுகிறவன் இல்லை. (என் மனைவி சரோஜாவின் கருத்து வேறு.)

நிலையத்தின் வாசலில் ஒரு மின்னணுப் பலகை வைத்திருந்தார்கள். ஓடையில் விடும் நீரின் தரம் சிவப்பு எழுத்தில் அதில் ஓடும். பி.ஓ.டி. என்று ஒரு அளவு உண்டு. நீரில் மிச்சமிருக்கும் அழுக்கைத் தின்று தீர்க்கக் கிருமிகளுக்கு எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்ற கணக்கு அது. எண் சிறியதாக இருந்தால் நீர் நல்ல நீர். பலகையில் ‘8’ என்று இருந்தது. நல்ல எண். மறுநாளும் எட்டு. சந்தை நாளில் ஊர் முழுக்க ஜனம் கூடிப் பஸ் நிலையக் கழிப்பறையில் வரிசை நின்ற அன்றும் எட்டு. அடைமழையில் சல்லடை அடைத்துக்கொண்டு வாசல் வரை நாற்றமடித்த அன்றும் எட்டு. ஒரு எண் அசையவே இல்லை என்றால் அது எண்ணே இல்லை, படம். இதை யாரிடம் சொல்வது?

நிலையத்தைப் பார்த்துக்கொண்டவன் வெள்ளையன். மேல்பட்டு ஊர்க்காரன், நாற்பது வயதிருக்கும். கான்ட்ராக்ட் கம்பெனிக்காரர்கள் அவனை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவனிடம்தான் முதலில் சொன்னேன்.

“வெள்ளையா, உன் போர்டு பொய் சொல்லுது.”

“போர்ட நான் எழுதல சார். அது தானா எழுதிக்குது.”

“எப்பவும் எட்டே காட்டுது.”

“நல்லதுதான சார்? உங்க வூட்டுக் கடிகாரம் ஓடாம நின்னா கோவப்படுவீங்க. இது ஓடாம நின்னா சந்தோசப்படுங்க. நல்ல நம்பர்ல நின்னுகினு கீது.”

இப்படிப்பட்ட பதிலுக்கு என்ன செய்வது? அவன் என்னைக் கடைசித் தொட்டிக்கு அழைத்துப் போய்க் காட்டினான். தெளிந்த நீரில் மீன்கள். ஜிலேபி மீன்கள். உள்ளங்கை அளவுக்கு ஒவ்வொன்றும் கறுத்துப் பளபளத்தன. கரையில் குரோட்டன்ஸ், ஒரு சிமெண்டு பெஞ்சு. பூங்கா போலவே இருந்தது.

“பாக்க வர்ற ஆபீசருங்களுக்கு இதத்தான் சார் காட்டுவோம். மீனு உசுரோட கீது, தண்ணி நல்லா கீது. அம்மாந்தான்.”

எனக்கு அது பிடித்துப்போயிற்று. பலகை பொய் சொல்லலாம், மீன் பொய் சொல்லாது. இனி மீனை வைத்தே நீரின் தரத்தைப் பார்த்துக்கொள்வது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

மீனை எண்ணுவது தலையை எண்ணுவது மாதிரி இல்லை. தலைக்காவது டிக்கெட் உண்டு. மீன் அடியில் போகும், நிழலில் நிற்கும், எண்ணின மீனே மறுபடி வந்து எண்ணச் சொல்லும். இரண்டு மாலைகள் தோற்றுப்போன பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். பெஞ்சுக்கு எதிரே கரையோரமாக ஒரு பிடி பொரி போட்டேன். எல்லா மீன்களும் ஒரே இடத்துக்கு வந்து வாயைத் திறந்து மேலே நின்றன. வாய்களை எண்ணினேன். நாற்பத்திரண்டு. மறுநாளும் நாற்பத்திரண்டு. (பி.எஸ்ஸி.க்காரனின் மூளை.)

அன்றிலிருந்து மாலைதோறும் காபி குடித்துவிட்டுப் பொரிப் பொட்டலத்தோடு பெஞ்சுக்குப் போய்விடுவேன். கொஞ்ச நாளில் என் நிழல் தண்ணீரில் விழுந்தாலே மீன்கள் கூட்டமாக வந்து நின்றன. கையை நீட்டினால் விரலை முட்டும். பாசத்தால் வருகின்றன என்று நினைத்துக்கொண்டேன். சரோஜாவிடம் சொன்னபோது, “பொரி வாங்கிக் குடுத்தா நானுந்தான் வந்து நிப்பேன்” என்றாள்.

இந்த நிலையில் என் மச்சான் ஏழுமலை மலையேறி வந்தான்.

ஏழுமலை சரோஜாவின் தம்பி. படவேட்டுக்குப் பக்கத்தில் கரும்பும் நெல்லும் வைத்திருக்கிறான். கரும்பு வெட்டு முடிந்துவிட்டது, கீழே வெயில் தாங்கவில்லை, அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து இறங்கினான். நல்ல மனசுக்காரன். கையை வீசிக்கொண்டு ஒரு நாளும் வீட்டுக்குள் வரமாட்டான். காலையில் உலாவப் போனால் திரும்பி வரும்போது பலாவோ கீரையோ தேனோ ஏதாவது ஒன்று கையில் இருக்கும்.

இங்கே எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மச்சான் கொண்டுவருவதை எங்கே வாங்கினாய், என்ன விலை, எத்தனை என்று நான் கேட்கக் கூடாது. அது அவனைக் கேவலப்படுத்துவது ஆகும். முன்பொரு தடவை அவன் கொண்டுவந்த வாழைத்தாரில் காய்களை எண்ணி, அழுகியதைக் கழித்து, ஒரு பழம் இன்ன விலைக்கு விழுகிறது, உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவனிடம் சொன்னேன். அது அவன் சொந்தத் தோட்டத்துத் தார். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு சரோஜா என்னோடு பேசத் தொடங்க ஒரு தீபாவளி வர வேண்டியிருந்தது. ஆகவே அவன் கொண்டுவருவதைச் சாப்பிடலாம், பாராட்டலாம், விசாரிக்கக் கூடாது. பெண் கொடுத்த வீட்டு மரியாதை.

அவன் வந்த இரண்டாம் நாள் மதியம் வீட்டில் மீன் குழம்பு.

மலையில் மீன் என்பது சந்தை நாளில் ஐஸ் பெட்டியில் வந்து, கண் வெளுத்துப்போய்க் கிடப்பது. இது அப்படி இல்லை. புளி தூக்கலாக, மிளகாய் மணக்க, சதை பூப்போல உதிர்ந்தது. மொத்தம் ஆறு முழு மீன். நான் மூன்று சாப்பிட்டேன்.

“அருமை மச்சான், உயிரோட்டமான மீன்” என்றேன்.

“உங்களுக்குப் புடிக்குமேன்னுதான் மாமா” என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரு தூக்கம் போட்டுவிட்டு மாலையில் பெஞ்சுக்குப் போனேன். பொரி போட்டேன். வாய்களை எண்ணினேன். முப்பத்தாறு.

இன்னொரு பிடி போட்டு மறுபடி எண்ணினேன். முப்பத்தாறேதான். வாசலுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தேன். எட்டு.

“வெள்ளையா! ஆறு மீன் எங்க?”

அவன் சல்லடையிலிருந்து குப்பையை வாரிக்கொண்டிருந்தான். “கொக்கு துன்னுருக்கும் சார்.”

“ஒரே நாளில் ஆறா? அது கொக்கா, குடும்பமா?”

“அதயும் நீங்களே எண்ணிச் சொல்லுங்க சார்.”

இரண்டு நாள் கழித்து மீண்டும் மீன். இந்தத் தடவை வறுவல், ஐந்து. எனக்கு இரண்டு கிடைத்தது. அன்று மாலை தொட்டியில் முப்பத்தொன்று.

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம். இதை யாரிடம் சொன்னாலும் இந்த இடத்தில் சிரிக்கிறார்கள். ஆனால் என் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மச்சான் வாங்கிவந்த மீன், சாப்பாட்டு விஷயம். இன்னொரு பக்கம் ஓடையில் விடும் நீரின் தரம், பொது விஷயம். சாப்பாட்டையும் சாக்கடையையும் ஒன்றாக வைத்து யோசிக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

என் யோசனை வேறு பக்கமாகப் போனது. மீன்கள் சாகின்றன. ஆனால் செத்த மீன் ஒன்றுகூட மிதக்கவில்லை. ஏன் மிதக்கவில்லை? யாரோ விடிவதற்குள் அள்ளிப் புதைத்துவிடுகிறார்கள். யார்? சாவி வைத்திருப்பவன் யார்? காற்று ஊதும் மோட்டாரை அவன் நிறுத்தி வைக்கிறான், நீர் கெட்டுப்போகிறது, அதை மறைக்கக் குளோரினை அளவில்லாமல் கொட்டுகிறான், மீன் சாகிறது. ஒவ்வொரு கண்ணியும் கச்சிதமாகப் பொருந்தியது. டிக்கெட் இல்லாதவனைப் பிடிக்கும்போது வரும் அதே சிலிர்ப்பு எனக்குள் ஓடியது.

மூன்றாவது தடவை எட்டு மீன். பாதி குழம்பு, பாதி வறுவல். எனக்கு நான்கு. உண்ட கையைக் கழுவிவிட்டு (இதைச் சரோஜா சத்தியம் செய்து சொல்கிறாள்) உட்கார்ந்து மாசு கண்காணிக்கும் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். சாப்பாட்டுக்கு முன்பே தொட்டிக்குப் போய் எண்ணியாகிவிட்டது. இருபத்து மூன்று. ‘பத்தொன்பது வாயில்லா ஜீவன்கள் மடிந்துவிட்டன’ என்று தொடங்கினேன். பிறகு அவற்றின் வாயை வைத்துத்தானே எண்ணினோம் என்று தோன்றி, ‘வாயில்லா’வை அடித்துவிட்டேன். பொறுப்பாளர் வெள்ளையன் தடயத்தை அழிக்கிறார் என்றும் எழுதினேன். நகலைக் கம்பெனிக்கும் அனுப்பினேன்.

“அவன் பாவங்க” என்றாள் சரோஜா. “ரெண்டு பொண்ணுங்க ஆஸ்டல்ல படிக்குதுங்க. இந்த வேல போச்சின்னா காப்பித் தோட்டத்துக்கு மூட்ட தூக்கத்தான் போவணும். அப்பால அதுங்களும் படிப்ப வுட்டுட்டுப் பின்னாடியே போவும்.”

“ஓடைத் தண்ணீர் கெட்டால் எத்தனை பேர் பாவம் தெரியுமா?”

“எத்தினி?”

எண்ணியிருக்கவில்லை. எழுந்து போய்விட்டேன்.

என் வாழ்க்கையில் நான் போட்ட மனுக்களில் உடனே பலன் கொடுத்தது இது ஒன்றுதான். அதிலும் எனக்குக் குறை உண்டு. தெருவிளக்குக்கு எழுதினால் வராதவர்கள், பஸ் நிழற்குடைக்கு எழுதினால் வராதவர்கள், இதற்கு மட்டும் ஜீப் போட்டுக்கொண்டு மலையேறி வந்துவிட்டார்கள். வந்தது ஒரு இளம்பெண் அதிகாரி. கையில் கண்ணாடிப் புட்டிகள், ஒரு ஐஸ் பெட்டி. கம்பெனியிலிருந்து ஒரு சூப்பர்வைசரும் வந்தான். அவனுக்குக் கையில் இரண்டு செல்போன், முகத்தில் ஒரே பாவம். வந்த பழியை வெள்ளையன் தலையில் கட்டப் போகிறான் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். பழைய பரிசோதகர் பையையும் தோளில் மாட்டிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் இன்றுவரை எனக்குப் பதில் இல்லை. உள்ளே பொரிதான் இருந்தது.

அதிகாரி முதலில் வாசல் பலகையைப் பார்த்தார். பின்பக்கம் போய் அதன் வயரைப் பிடித்துப் பார்த்தார். வயரின் மறுமுனை எந்தக் கருவியோடும் சேராமல் சும்மா சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

“இது எப்ப இருந்து இப்படி?” என்று சூப்பர்வைசரைக் கேட்டார்.

“சர்வீஸுக்குச் சொல்லிருக்கோம் மேடம்.”

“அப்ப எட்டுன்னு காட்டறது?”

“டெமோ மேடம். பெட்டியில வந்தப்பவே இருந்துச்சு.”

பார்த்தீர்களா? நான் சொன்னேன். முதன்முதலில் சொன்னவன் நான். ஓடாத பலகையைக் கண்டுபிடித்தவன் நான். ஊரில் ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு ஆளுக்காவது இது இன்று நினைவிருக்கிறதா? இல்லை. அடுத்து நடந்தது மட்டும் எல்லாருக்கும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

கடைசித் தொட்டிக்கு வந்தோம். அதற்குள் அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் நாலைந்து பேர் வேலியோரம் கூடிவிட்டார்கள். நான் பையைத் திறந்து பொரி போட்டுச் செய்முறை விளக்கம் கொடுத்தேன். வாய்கள் மேலே வந்தன. சத்தமாக எண்ணினேன். இருபத்து மூன்று.

“முதலில் நாற்பத்திரண்டு. பத்தொன்பது காலி. செத்ததை இவன் புதைத்துவிட்டான் அம்மா.”

“பொதச்சேனா?” வெள்ளையன் குரல் ஏறியது. “எங்க பொதச்சேன்? காட்டுங்க, தோண்டிப் பாக்கலாம். மீன வுட்டதே நான் சார். ஏரியிலருந்து கொடத்துல கொண்டாந்து வுட்டவன் நானு. நானே கொன்னு நானே பொதைக்க எனக்கு இன்னா பைத்தியமா?”

அதிகாரி ஒரு புட்டியில் நீர் எடுத்து ஏதோ சொட்டு விட்டார். லேசாக மஞ்சளானது. “குளோரின் அதிகமா இல்லையே” என்றார். அவர் முகத்தில் குழப்பம். “ஆனா பத்தொன்பது மீன் காணோம்னா ஏதோ நடந்திருக்கு. ஆபரேட்டர் விளக்கம் குடுக்கணும்.”

சூப்பர்வைசர் இதற்காகவே காத்திருந்தான். “மேடம், கம்பெனி தப்பு எதுவும் இல்ல. ஆள் மேலதான் தப்பு. இப்பவே நிறுத்திடறேன். வெள்ளையா, சாவியக் குடு.”

எதற்கும் பதில் வைத்திருப்பவன் வெள்ளையன். இப்போது இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு சீக்கிரத்தில் அவிழவில்லை. எல்லாரும் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். வேலியோரத்தில் ஒரு அம்மாள், “பொண்ணுங்க படிப்பு போச்சே” என்றாள். எனக்கு நான் எதிர்பார்த்த அளவுக்கு வெற்றிக் களிப்பு வரவில்லை. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அப்போதுதான் தொட்டியின் பின்பக்கம், வாய்க்காலுக்காக வேலியில் விட்டிருந்த இடைவெளி வழியாக, ஏழுமலை வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். தோளில் துண்டு. ஒரு கையில் சரோஜாவின் அலுமினியச் சட்டி. இன்னொரு கையில் நான் வீட்டில் வைத்திருந்த இன்னொரு பொரிப் பொட்டலம்.

கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினான். பிறகு என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது.

“மாமா, நீங்களும் இங்கதான் கீறீங்களா? நல்லதாப் போச்சி. இன்னிக்கு எத்தினி புடிக்கட்டும்?”

சாவி அவிழ்ப்பது நின்றது.

“எதைப் புடிக்கிறீங்க?” என்றார் அதிகாரி.

“மீன்தாங்க. மாமா வளக்குற மீனு.”

“யாரு வளக்கறாங்க?”

“இதோ, எங்க அக்கா வூட்டுக்காரர். தெனம் சாயங்காலம் உக்காந்து பொரி போட்டுப் புள்ள மாதிரி வளக்குறாரு. துன்றதுக்குத்தான வளக்கறது? சரி, அவரு வயசான மனுசன், தண்ணில எறங்க முடியாது, நம்மளே புடிச்சிக் குடுப்போம்னு…” அதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் திறமையில்தான் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டான். “வலகூட வேணாங்க. துண்ட தண்ணிக்குள்ள விரிச்சி, ஒரு புடி பொரி போட்டாப் போதும். அதுங்களே வந்து வரிசையா நிக்கும். எங்க ஏரியில இவ்ளோ மரியாதையான மீன நான் பாத்ததே இல்ல.”

வேலியோரத்தில் ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

“இது பூங்கா இல்லைங்க” என்றார் அதிகாரி மெதுவாக. “ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் பண்ற இடம்.”

ஏழுமலை சட்டியைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். பிறகு, மேலே தூரத்தில் தெரிந்த பஸ் நிலையத்தைப் பார்த்தான். “மாமா…” என்றான். அந்த ஒரு வார்த்தையில் இருந்த குற்றச்சாட்டை நான் என்னவென்று சொல்வது? தப்பு செய்தது அவன், முறைக்கப்பட்டது நான்!

“எத்தனை மீன் புடிச்சீங்க?” என்று அதிகாரி அவனைக் கேட்டார்.

“நான் எங்கங்க எண்ணினேன்? மாமாவக் கேளுங்க. அவருக்குத்தான் எண்ணுற பழக்கம்.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே சாய்ந்திருப்பான். எண்ணிக்கை கேட்டால் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அது வியாதி.

“நான் ஒன்பது. மச்சான் ஏழு. என் மனைவி மூன்று.”

“மொத்தம்?”

“பத்தொன்பது.”

கணக்கு நேராக வந்தது. ஒரு கணக்கு நேராக வந்ததற்காக வாழ்க்கையில் நான் வருத்தப்பட்டது அப்போதுதான்.

வெள்ளையன் அவிழ்த்துக்கொண்டிருந்த சாவிக்கொத்தை மறுபடி இறுக்கமாக இடுப்பில் முடிந்துகொண்டான். அவனுக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

“நான் கொக்குன்னு சொன்னேன். இல்லன்னாரு. பாருங்க மேடம், வெள்ளச் சட்ட போட்ட கொக்கு!”

வேலியோரம் வெடித்துச் சிரித்தது. சூப்பர்வைசர்கூடச் சிரித்தான். அவனுடைய பலகை டெமோ என்று அம்பலப்பட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவன் சிரிக்கிறான்! நான் அதைச் சுட்டிக்காட்டினேன். யார் காதிலும் விழவில்லை.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். மிகவும் அக்கறையாக என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்தார்.

“சாப்பிட்ட அப்புறம் வாந்தி, வயித்துப்போக்கு?”

“இல்லை.”

“வயித்து வலி? காய்ச்சல்? அரிப்பு?”

“இல்லை.”

“தூக்கம்?”

“நன்றாக…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

“மதியம் கொறட்ட வுட்டுத் தூங்கினாருங்க” என்றான் ஏழுமலை. அவன் நல்ல மனசுக்காரன் என்று முன்பே சொன்னேன்.

“இனிமே சாப்பிடாதீங்க சார்” என்றார் அதிகாரி. “ஆஸ்பத்திரியில ஒரு தடவ காட்டிக்கங்க. அப்புறம் இன்னொண்ணு. ஜிலேபி மீன வெச்சுத் தண்ணி நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது. அது எந்தத் தண்ணியிலயும் பொழச்சுக்கும். மீன் இருக்குன்னாலும் அர்த்தமில்ல, இல்லன்னாலும் அர்த்தமில்ல.”

நான் இத்தனை மாலைகள் பொரி போட்டு எண்ணியது அர்த்தமே இல்லாத ஒன்றை! இதை முதலிலேயே ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கக் கூடாதா? எட்டு என்று எழுதி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

அவர் புட்டிகளில் நீர் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். சில நாள் கழித்து முடிவு வந்தது. நீர் வரம்புக்குள்தான் இருந்தது. மோட்டார் ஒழுங்காக ஓடியிருக்கிறது, வெள்ளையன்மேல் குற்றம் எதுவும் இல்லை. பலகையைக் கருவியோடு இணைக்கக் கம்பெனிக்கு உத்தரவு போனது. இப்போது எண் தினமும் மாறுகிறது, சந்தை நாளில் ஏறுகிறது, மறுநாள் இறங்குகிறது. அது யாரால் நடந்தது? மனு போட்டவனால். ஒரு நன்றி? ஒரு சால்வை?

வீட்டில் என் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். நடந்ததைக் கேட்டதும் சரோஜா இரண்டு முறை தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அந்தக் குழம்புச் சட்டியில் மண்ணை நிரப்பிச் செம்பருத்தி நட்டுவிட்டாள். தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அவன் உங்களுக்காகத்தான் புடிச்சான். நீங்க ஒரு வார்த்த ‘எங்க வாங்கினே’ன்னு கேட்டிருக்கலாம் இல்ல?” என்று என்னைத்தான் கேட்டாள். கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் கேட்கிறாள்! மகன் வந்தால், மருமகள் வந்தால், சம்பந்தி வந்தால், வீட்டில் மீன் சமைக்கும் ஒவ்வொரு நாளும் பரிமாறும் முன் யாராவது ஒருவர் தட்டைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, மொதல்ல போய் எண்ணிட்டு வந்துடுங்க” என்கிறார்கள். கல்யாணமாகி வீட்டுக்கு வரும் புது மருமகனிடம் தாலி கட்டிய கையோடு இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். ஏழுமலை இப்போதும் கையை வீசிக்கொண்டு வருவதில்லை. ஆனால் எதைக் கொண்டுவந்தாலும் வாசலிலேயே நின்று, எந்த ஊர், எந்தக் கடை, என்ன விலை, எத்தனை என்று தானாகவே சத்தமாக ஒப்பித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான். தெருவே கேட்கிறது.

வெள்ளையன் வேலையில்தான் இருக்கிறான். மூத்த பெண் கீழே கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று எனக்கு வந்து மிட்டாய் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். எண்ணவில்லை. இரண்டு.

போன வாரம் மாலை ஓடையோரம் நடந்து போய்க்கொண்டிருந்தேன். நிலையத்தைப் பார்க்க ஏதோ கல்லூரியிலிருந்து மாணவிகள் கூட்டமாக வந்திருந்தார்கள். கடைசித் தொட்டியில் இப்போது மீன் இல்லை. அதிகாரி எடுத்துவிடச் சொல்லிவிட்டார். ஒரு பெண், “அண்ணா, தண்ணி நல்லா இருக்குன்னு எப்படி நம்பறது?” என்று கேட்டது காதில் விழுந்தது.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு வெள்ளையன் மீனைக் காட்டுவான். இப்போது கையை நீட்டி என்னைக் காட்டினான்.

“அதோ போறாரு பாருங்க. இந்தத் தொட்டி மீன ஒம்போது துன்னவரு. இன்னிக்கும் கோலு இல்லாம நடக்குறாரு.”

எல்லாரும் கரையோரமாக வந்து நின்று என்னைப் பார்த்தார்கள். நான் கோபமாகத் திரும்பி நின்று முறைத்தேன். ஒரு பெண் விரலை நீட்டி, மிகப் பொறுமையாக, தப்பே வராமல் எண்ணினாள்.

“ஒண்ணு.”